303 பேரை வெச்சு யாரோட இதயத்தைக் கணிக்கிறோம்?

ஃபைனல் இயர் ரிவ்யூவில் எப்படியும் ஒரு டீம் "மெஷின் லேர்னிங் மூலம் இதய நோய் கணிப்பு" என்று ஸ்லைடு போடும். டேட்டா? பெரும்பாலும் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் சேகரித்த, 1988-ல் பொதுவுக்கு வந்த 303 பேரின் பட்டியல்தான். அக்யூரசியைச் சொன்னதும் கைதட்டல். அந்தப் பட்டியலில் வயசு இருக்கு, கொலஸ்ட்ரால் இருக்கு. மரபணு இல்லை.

இல்லாட்டி என்னன்னு கேக்கறீங்களா? பைபாஸ் சர்ஜரியையே எடுத்துக்குங்க. ஆபரேஷன் நல்லா முடிஞ்சாலும், அடுத்த சில நாட்களில் 20 முதல் 40 சதவீதம் பேருக்கு இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். வயசு இதற்குப் பெரிய காரணம். ஆனால் ஒரே வயசு, ஒரே சர்ஜன், பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஒருத்தருக்கு வருது, இன்னொருத்தருக்கு வரலை.

2007-ல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் இந்தத் துடிப்புக் கோளாறுக்கான ஒரு தடயத்தை 4-வது குரோமோசோமில், பிஐடிஎக்ஸ்2 மரபணுவுக்குப் பக்கத்தில் கண்டார்கள். (கருவில் இதயத்துக்கு இடது எது, வலது எதுன்னு சொல்லிக்கொடுப்பதும் இதே மரபணுதான்!) பைபாஸ் செய்துகொண்டவர்களிடமும் அதே தொடர்பு இருப்பது 2009-ல் தெரிந்தது.

அதே 2009-ல் நம்ம பக்கத்துச் செய்தி ஒன்று. எம்ஒய்பிபிசி3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போனவர்கள் தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம். இவர்களுக்கு இதயத் தசை பலவீனமாகும் ஆபத்து அதிகம். கண்டுபிடித்த குழுவில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தினரும் உண்டு. ஐரோப்பியர் டேட்டாவை மட்டும் தின்று வளர்ந்த மாடலுக்கு இது தெரியவே தெரியாது.

அதுக்காக மரபணுதான் தலையெழுத்துன்னு நான் சொல்லலை. எச்சிலைத் துப்பி அனுப்பினால் எதிர்காலம் சொல்றேன்னு விற்கிற கிட் மேல எனக்கு நம்பிக்கையும் இல்லை. ஜீனோம் இந்தியா திட்டத்தின் 10,000 பேர் மரபணுத் தொகுப்பு 2025 ஜனவரியில் வெளியானது நல்ல தொடக்கம். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு யாருக்கு என்ன ஆச்சு என்ற பதிவு பக்கத்தில் இல்லாமல், மரபணுவை மட்டும் வெச்சு என்ன செய்ய?

அந்தப் பதிவைச் சேமிப்பது டாக்டர் வேலை மட்டுமில்லை, நம்ம வேலையும்தான். கைட் "ஒரு செமஸ்டர்ல மரபணு ஆய்வெல்லாம் நடக்காதுப்பா" என்பார். சரிதான். அப்போ கணிப்பை விட்டுடுங்க. ஐசியூ மானிட்டரின் இசிஜியை, நோயாளியின் சம்மதத்தோடு, பெயரை நீக்கி, அடுத்த பேட்ச் திறந்து படிக்கிற மாதிரி சேமிக்கும் மென்பொருளை எழுதுங்க. அதுக்கு ஒரு செமஸ்டர் போதும்.