கருவி யார் கையில்?



"செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனிக் கல்விச்சாலையில் ஏழை, பணக்காரன் என்ற பேதம் இராது, குடிசைவாசியும் கோமகனும் ஒரே ஆசானிடம் பாடம் கேட்பர்!" என்று பேசித் திரிகின்றனர் சிலர். கேட்க இனிக்கத்தான் செய்கிறது. ஆனால், அந்த ஆசான் குடிசைக்குள் நுழைய வழி எது?

2017-18ஆம் ஆண்டில் மைய அரசு எடுத்த தேசிய மாதிரி ஆய்வு என்ன கூறிற்று? நகரங்களில் நூறு வீடுகளுக்கு 23இல் கணினி. சிற்றூர்களிலோ நூற்றுக்கு நான்கே நான்கு! அதன்பின் கைப்பேசி பரவியது உண்மை. "எல்லார் கையிலும் இருக்கிறதே" என்பர். ஆம், இருக்கிறது! தந்தை வேலை முடித்து இரவு திரும்பிய பின்னர், மகளும் மகனும் முறைபோட்டுப் பார்க்கும் ஒற்றைக் கைப்பேசி! உள்ளங்கை அகலத் திரையில் ஆய்வேடு எழுத முடியுமா?

கருவி கிட்டாதது ஒரு கொடுமை. கிட்டாதவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது மற்றொரு கொடுமை. மாணவன் எழுதினானா, இயந்திரம் எழுதிற்றா என்று துப்புத் துலக்கவும் கருவிகள் வந்துவிட்டன. 2023இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தனர். ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று அவை தீர்ப்பளித்தன! அமெரிக்கப் பள்ளி மாணவர் எழுதியவற்றிலோ பிழை மிகச் சிறிது. எளிய சொற்களால் எழுதியதே அவர்கள் செய்த குற்றம்! மத்தளத்துக்கு இருபுறமும் இடி என்பது இதுதான்.

2011இல் தமிழக அரசு மாணவர்க்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, "இலவசம்" என்று ஏளனம் செய்தோர் உண்டு. தம் பிள்ளைக்குக் கடையில் வாங்கித் தந்தால் அது கல்வி. ஏழையின் பிள்ளைக்கு அரசு தந்தால் அது இலவசமா? 2019இல் விடுதி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வியுரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர்நீதிமன்றமே தீர்ப்புரைத்ததே! உரிமைக்குப் பெயர் பிச்சையா?

இயந்திரம் நமக்குப் பகையன்று. அது சிலர் வீட்டு உடைமையாவதே பகை. எழுத்தறிவைச் சிலருக்கே உரியதாக்கி வைத்திருந்த நாடு இது. அன்று ஏட்டை மறுத்தனர். இன்று கருவியை மறுக்க விடலாமா?

கல்லூரி மாணவர் ஒவ்வொருவர்க்கும் கணினி! விடுதிதோறும், நூலகந்தோறும் இணையம்! கருவியின் சொல்லை மட்டும் நம்பி எந்த மாணவனையும் தண்டிக்கக் கூடாது என்ற விதி! இம்மூன்றையும் மன்றந்தோறும் முழங்குவீர். இலவசம் என்று இகழ்வோரிடம், உரிமை என்று உரைப்பீர்!