பெல்லந்தூர் நுரையும் வீட்டுச் சலவைத் தூளும்

பெங்களூரில் பெருமழை பெய்த மறுநாள் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கோடியில் வெள்ளை வெளேரென்று நுரை பொங்குவது பல ஆண்டுகளாகப் பழகிப்போன காட்சி. காற்றடித்தால் அது கட்டி கட்டியாகப் பறந்து சாலையில் போகும் ஸ்கூட்டர்காரர் முகத்தில் அப்பும். 2015 மே மாதம் இந்த நுரையே தீப்பிடித்து எரிந்தது. 2018 ஜனவரியில் ஏரியில் மீண்டும் தீ. அணைக்க ராணுவ வீரர்களே இறங்க நேர்ந்தது. தண்ணீரில் தீ என்றால் ஊரில் யார் நம்புவார்கள்?

அந்த ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாயும், பெங்களூர் மாநகராட்சிக்கு 25 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. ஆனாலும், "இல்லத்தரசிகள் போடும் சோப்புத் தூள்தான் காரணம்" என்ற பேச்சு ஓயவில்லை. இதில் உண்மை எவ்வளவு?

நுரை வந்த வழி

சலவைத் தூளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, அழுக்கைத் துணியிலிருந்து பிரித்தெடுக்கும் பொருள். நுரைப்பது இதுதான். மற்றொன்று, உப்புத் தண்ணீரைச் சலவைக்கு ஏற்றதாக மாற்றும் பொருள். பாஸ்பேட் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

1950களில் உலகெங்கும் புழங்கிய நுரைப்பொருள் ஆற்றில் போய் மக்காமல் நின்றது. ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்க நாடுகளின் ஆறுகளிலும் அன்று இதே நுரைதான். மேற்கு ஜெர்மனி 1961ல் சட்டம் போட்டது. அமெரிக்கத் தொழிற்சாலைகள் 1965ல் மக்கக்கூடிய வேறு பொருளுக்கு மாறின. இன்று நம் நாட்டிலும் பெரும்பாலும் புழங்குவது அந்த மக்கும் வகையே.

அப்படியானால் பெல்லந்தூரில் ஏன் மக்கவில்லை? இங்கேதான் விஷயம் இருக்கிறது. காற்று கலந்த நீரில்தான் நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்க்கும். சாக்கடை நீர் சுத்திகரிக்கப்படாமல் வந்து சேரும் ஏரியில் பிராணவாயு ஏது? மக்காத நுரைப்பொருள் அடிச் சேற்றில் படிந்து சேர்கிறது. மழை வெள்ளம் சேற்றைக் கலக்கியதும், கோடியில் நீர் உயரத்திலிருந்து விழும் வேகத்தில் எல்லாம் நுரையாகக் கிளம்புகிறது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழக ஆராய்ச்சியாளர்கள் ஏரியைப் பல ஆண்டுகள் கவனித்துச் சொன்ன விளக்கம் இது.

ஆக, குற்றத்தின் பெரும்பங்கு சாக்கடைக் குழாயில் இருக்கிறது, வாளியில் இல்லை. டெல்லி அனுபவமும் இதையே காட்டுகிறது. தர நிர்ணயத்துக்கு உட்படாத சலவைப் பொருள்களுக்கு டெல்லி அரசு 2021 ஜூனில் தடை போட்டது. அதே ஆண்டு நவம்பரில் சத் பூஜைக்கு வந்த பெண்கள் யமுனையில் இடுப்பளவு நுரைக்கு நடுவே நின்று சூரியனை வணங்கினார்கள்!

பாஸ்பேட் கதை வேறு. இது தண்ணீருக்கு உரம். ஏரியில் ஆகாயத் தாமரையும் பாசியும் மண்டுவதற்கு இது துணை செய்கிறது. ஸ்விட்சர்லாந்து துணி துவைக்கும் தூளில் பாஸ்பேட்டை 1986லேயே விலக்கிவிட்டது. ஐரோப்பிய நாடுகள் 2013 முதல் கடும் வரம்பு வைத்துள்ளன. இதில் வாங்குகிறவர் கை ஓரளவு ஓங்கியிருக்கிறது.

எதை வாங்குவது?

1991ல் மத்திய அரசு 'எகோமார்க்' முத்திரையைக் கொண்டு வந்தது. மண்பானைதான் சின்னம். சோப்பும் சலவைத் தூளும் பட்டியலில் உண்டு. ஆனால் கட்டாயமில்லை என்பதால் கம்பெனிகள் அக்கறை காட்டவில்லை. கடையில் பானைச் சின்னத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது அபூர்வம். 2024ல் புதிய விதிகள் வந்துள்ளன. பலன் இனிமேல்தான் தெரிய வேண்டும். உறையில் பச்சை இலைப் படமும் 'இயற்கை' என்ற எழுத்தும் இருப்பதை நம்பிக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. 'பாஸ்பேட் இல்லை' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்ப்பதே உருப்படியான சோதனை.

விலை மலிவான தூள் எல்லாம் கெடுதல் என்பதும் சரியல்ல. அவற்றில் பலவற்றின் பெரும்பகுதி சோடா உப்புதான். ஊரில் வெள்ளாவி வைத்தவர்கள் பயன்படுத்திய உவர்மண்ணிலும் இருந்தது அதுவே. கை எரியும், பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது. பருத்திச் சட்டைக்குப் பாதகமில்லை. பட்டுக்குப் பூந்திக்கொட்டை இருக்கவே இருக்கிறது. கன்னடத்தில் அண்டுவாளக் காய் என்று கேட்டால் கிடைக்கும். ஆனால் பீன்யா தொழிற்பேட்டையிலிருந்து கிரீஸ் கறையோடு வீடு திரும்புகிறவரின் உடுப்பைப் பூந்திக்கொட்டையில் துவைக்கச் சொல்வது கேலிக் கூத்து.

நுரை அதிகம் வந்தால்தான் அழுக்குப் போகும் என்ற நம்பிக்கைதான் உண்மையான நஷ்டம். நுரைக்கும் வெளுப்புக்கும் சம்பந்தம் குறைவு. நுரை மிஞ்சினால் அலசத் தண்ணீர் மிஞ்சிச் செலவாகும். 2024 கோடையில் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றி, டாங்கர் தண்ணீருக்குக் காத்துக் கிடந்த குடித்தனங்களுக்கு ஓர் அலசல் மிச்சமானால் அதன் அருமை தெரியும். சட்டையை அரை மணி ஊறவைத்து, காலரிலும் கைப்பட்டையிலும் மட்டும் சோப்புக் கட்டியால் தேய்த்தால், வாளிக்குப் போடும் தூளைத் தாராளமாகக் குறைக்கலாம்.

வர்த்தூரைத் தாண்டும் இந்த நீர் தென்பெண்ணையாகத் தமிழ்நாட்டில் நுழைகிறது. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையின் மதகைத் திறக்கும்போதெல்லாம் அங்கேயும் நுரை குவிகிறது. அந்தத் தண்ணீரைத்தான் விவசாயிகள் வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள். கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து அது கடலூரில் கடலைச் சேருகிறது. பெங்களூர்க் குழாயடியில் அலசிக் கொட்டிய வாளித் தண்ணீருக்கும் அதில் பங்கு உண்டு.