மின்னி வேன் கட்டணம்: யார் போடும் விலை?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் டாக்சிக் கட்டணத்தைப் பற்றி எதற்கு எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இன்றைக்குப் பல இடங்களில் வண்டிக் கட்டணத்தை முடிவு செய்வது டிரைவரும் அல்ல, மீட்டரும் அல்ல. எங்கோ ஒரு சர்வரில் ஓடிக் கொண்டிருக்கும் சாப்ட்வேர்தான். சாப்ட்வேர் எழுதுவது என் தொழில். ஆகவே அது போடும் விலையைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

இதற்கு நல்ல உதாரணம், அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்ட். பிள்ளைகள் அமெரிக்காவில் வேலை பார்ப்பதால் அங்கே போய் வரும் பெற்றோர் நம் வாசகர்களில் பலர் இருப்பீர்கள். போனால் பேரப் பிள்ளைகளுடன் இந்த இடத்துக்கும் ஒரு முறை போகத்தான் செய்வீர்கள். போகாதவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும். மாறும் கட்டணம் இப்போது நம் ஊர் ஆட்டோ வரை வந்துவிட்டது.

எவ்வளவு பெரிய இடம்?

இதை ஒரு பார்க் என்று நினைத்துக் கொண்டு போனால் திகைத்துப் போவீர்கள். மொத்தப் பரப்பு ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர். அதற்குள் நான்கு தனித்தனி பார்க்குகள். மேஜிக் கிங்டம் 1971-லும், எப்காட் 1982-லும், இப்போது ஹாலிவுட் ஸ்டுடியோஸ் எனப்படும் பார்க் 1989-லும், அனிமல் கிங்டம் 1998-லும் திறக்கப்பட்டன. இவை தவிர ஏராளமான ஹோட்டல்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போய்விடலாம் என்பது பெரும்பாலும் நடக்காத காரியம்.

இதற்காக நிர்வாகமே இலவசப் போக்குவரத்து வைத்திருக்கிறது. பஸ், படகு, 1971 முதல் ஓடும் மோனோரயில், 2019 செப்டம்பரில் வந்த ஸ்கைலைனர் என்ற கம்பி வழித் தொட்டி வண்டி ஆகிய எதற்கும் டிக்கெட் கிடையாது. ஆனால் எல்லா வண்டியும் எல்லா இடத்துக்கும் போகாது. அனிமல் கிங்டமுக்கு மோனோரயிலும் இல்லை, ஸ்கைலைனரும் இல்லை. பஸ் அல்லது கார்தான்.

புள்ளி போட்ட சிவப்பு வண்டி

2017 ஜூலையில் டிஸ்னி நிறுவனம் மின்னி வேன் என்ற தனி வண்டிச் சேவையைத் தொடங்கியது. மின்னி மவுஸின் உடை போலச் சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள் போட்ட வண்டி. ஆறு பேர் உட்காரலாம். குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கை வண்டியிலேயே இருக்கும். ஓட்டுபவர் டிஸ்னியின் சொந்த ஊழியர். ஆனால் வண்டியைக் கூப்பிட வேண்டிய இடம் லிஃப்ட் என்ற வேறொரு கம்பெனியின் செல்போன் ஆப்.

இனி கட்டணம் எப்படி மாறியது என்று வரிசையாகப் பாருங்கள். தொடக்கத்தில் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 20 டாலர். பிறகு 25 டாலர். 2018-ல் முறையே மாறியது. அடிப்படைக் கட்டணம் 15 டாலர், அதற்கு மேல் மைலுக்கு ஏறத்தாழ 2.75 டாலர். அதே ஆண்டில் ஆர்லாண்டோ விமான நிலையத்துக்கும் சேவை வந்தது. ஒரு வழிக்கு 150 டாலர். 2020 மார்ச்சில் கொரோனாவால் பார்க்குகள் மூடப்பட்டபோது வண்டிகளும் நின்றன. 2022-ல் திரும்பி வந்தபோது தூரத்தோடு அந்த நேரத்துத் தேவையையும் பொறுத்து மாறும் விலையாக ஆகிவிட்டது. ஆப்பைத் திறந்து பார்க்கும்போது என்ன காட்டுகிறதோ அதுதான் விலை.

இந்த மூன்று முறைகளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். முதல் முறையில் விலையை வீட்டில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம். இரண்டாவது முறையில் வீட்டில் உட்கார்ந்தே கணக்குப் போடலாம். மூன்றாவது முறையில் அங்கே போய் நின்ற பிறகுதான் தெரியும்.

உங்கள் கம்ப்யூட்டரில் செய்து பாருங்கள்

எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பைத் திறந்து கொள்ளுங்கள். பி1 செல்லில் 15 என்று டைப் செய்யுங்கள். இது அடிப்படைக் கட்டணம். பி2-வில் 2.75. பி3-ல் தூரம், மைலில். பி4-ல் =பி1+பி2*பி3 என்ற பார்முலாவை, எழுத்தை மட்டும் ஆங்கிலத்தில் அமைத்து, என்டர் தட்டுங்கள். பி3-ல் 4 என்று கொடுத்தால் 26 டாலர் வரும். 8 என்று கொடுத்தால் 37 டாலர்.

இப்போது 25 டாலர் நிலையான கட்டணத்துடன் ஒப்பிடுங்கள். 25-லிருந்து 15-ஐக் கழித்து 2.75-ஆல் வகுத்தால் சுமார் 3.6 மைல். அதற்குக் குறைவாகப் போனவர்களுக்கு 2018 மாற்றம் லாபம். கூடுதலாகப் போனவர்களுக்கு நஷ்டம். பக்கத்து ஹோட்டலுக்குப் போகிறவர் தூரமாகப் போகிறவருக்கும் சேர்த்துக் கொடுத்து வந்தது நின்றது. அந்த வகையில் இந்த மாற்றத்தை நான் நியாயம் என்றே சொல்வேன்.

பி5-ல் ஆட்களின் எண்ணிக்கையைக் கொடுத்து, பி6-ல் =பி4/பி5 என்று போடுங்கள். 4 மைலுக்கு 26 டாலர் என்பது ஆறு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 4.33 டாலர்தான். தாத்தா, பாட்டி, பேரன் என்று ஒரே வண்டியில் போகும் குடும்பத்துக்கு இது பெரிய தொகை அல்ல. தனியாகப் போகிறவருக்கு அதே ஓட்டம் 26 டாலர்.

என் பெற்றோர் வந்திருந்தபோது இப்படி ஒரு ஷீட் போட்டுத்தான் வைத்திருந்தேன். அப்பா எந்த டாலரையும் ரூபாயாகப் பெருக்கிப் பார்க்காமல் விடமாட்டார். "பஸ் சும்மா விடறான், அப்புறம் எதுக்குப்பா காசு?" என்றார். அம்மாவுக்கு மூட்டு வலி. அதனால் காலையில் பஸ், இரவில் வண்டி என்று ஷீட்டைப் பார்த்து முடிவு செய்தோம். விலையை முன்கூட்டியே கணக்கிட முடிந்தால் குடும்பத்தில் வாக்குவாதம் கூடக் குறைகிறது.

தேவை கூடினால் விலை கூடலாமா?

மாறும் விலைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் இதுதான். மழை பெய்யும்போது நகரத்தில் எல்லோரும் டாக்சி கேட்கிறார்கள். விலையை ஏற்றினால், வீட்டில் இருக்கும் டிரைவர்கள் கூடுதல் வருமானத்துக்காக வண்டியை எடுத்துக் கொண்டு வருவார்கள். வண்டி கூடும், காத்திருப்பு குறையும். டிரைவர்கள் சொந்த வண்டி ஓட்டும் நகரத்தில் இந்த வாதத்தில் பொருள் இருக்கிறது.

மின்னி வேனுக்கு இது பொருந்துமா? ஓட்டுபவர்கள் சம்பளத்துக்கு ஷிப்டில் வேலை செய்யும் ஊழியர்கள். இரவு 10 மணிக்குத் திரையில் விலை ஏறியது என்பதற்காக வீட்டில் இருப்பவர் யாரும் சீருடை மாட்டிக் கொண்டு கிளம்பி வரப் போவதில்லை. எத்தனை வண்டி, எத்தனை ஆள் என்பதை நிர்வாகம் முன்பே தீர்மானித்துவிடுகிறது. ஆக விலை ஏறுவதால் வண்டி கூடாது. கொடுக்க முடியாதவர்கள் ஒதுங்கிக் கொள்வார்கள், அவ்வளவுதான்.

அது மட்டுமல்ல. நகரத்தில் மழையை யாரும் வரவழைப்பதில்லை. இங்கே இரவு வாணவேடிக்கை எத்தனை மணிக்கு, பார்க் மூடுவது எத்தனை மணிக்கு என்று முடிவு செய்வது அதே நிர்வாகம். வேடிக்கை முடிந்ததும் கூட்டம் மொத்தமாக வாசலுக்கு வரும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. தான் போட்ட நேர அட்டவணையால் உண்டாகும் நெரிசலுக்குத் தானே கூடுதல் விலை வாங்குவதை, தேவைக்கு ஏற்ற விலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாசல் யாருக்கு?

இன்னொரு விஷயமும் உண்டு. ஊபர் போன்ற வெளி வண்டியில் மேஜிக் கிங்டமுக்குப் போனால் வாசலில் இறங்க முடியாது. ஏரிக்கு இந்தப் பக்கம் உள்ள போக்குவரத்து மையத்தில் இறங்கி, பிறகு மோனோரயிலிலோ படகிலோ போக வேண்டும். மின்னி வேன் மட்டும் வாசலுக்கு அருகிலேயே கொண்டு போய் விடும்.

கம்ப்யூட்டர் உலகில் இது பழைய கதை. விண்டோஸ் சிஸ்டத்தோடு இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைப் பிணைத்துக் கொடுத்தது மைக்ரோசாஃப்ட். டெஸ்க்டாப் அவர்களுடையது, அதில் நல்ல இடமும் அவர்கள் பிரவுசருக்கே. நெட்ஸ்கேப் பிரவுசரை விரும்பியவர்கள் தனியே தேடிப் போட்டுக் கொள்ள வேண்டும். 1998-ல் அமெரிக்க அரசு தொடர்ந்த வழக்கில் இந்தப் பிணைப்பு பெரிய விவாதப் பொருளாக இருந்தது. டிஸ்னியின் நிலம் டிஸ்னிக்குச் சொந்தம்தான். சட்டப்படி இதில் குற்றம் இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் மின்னி வேனுக்கும் ஊபருக்கும் உள்ள விலை வித்தியாசத்தைப் பார்க்கும்போது, அதில் ஒரு பகுதி வண்டிக்கு அல்ல, வாசலுக்கு என்பதை மறந்துவிடக் கூடாது.

இலவசம் இருக்கும் வரை

150 டாலர் விமான நிலையப் பயணம் 2018-ல் வந்தபோது எனக்கு அதில் தவறு ஏதும் தெரியவில்லை. ஏனென்றால் அப்போது மேஜிகல் எக்ஸ்பிரஸ் என்ற இலவச பஸ் இருந்தது. 2005 முதல் டிஸ்னி ஹோட்டல்களில் தங்குபவர்களை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்த பஸ் அது. இலவச பஸ் பக்கத்தில் நிற்கும்போது 150 டாலர் வண்டி ஒரு வசதி. வேண்டுமென்றால் ஏறலாம், வேண்டாமென்றால் விடலாம். 2022 தொடக்கத்தில் அந்த பஸ் நிறுத்தப்பட்டது. இப்போது வருகிறவர் ஏதோ ஒரு வண்டிக்குக் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். வசதிக்குக் கொடுத்த காசு, வழியில்லாமல் கொடுக்கும் காசு ஆகிவிட்டது.

கட்டணம் ஒரு முறை வந்தால் போகவே போகாது என்றும் சொல்ல முடியாது. 2018 மார்ச்சில் ஹோட்டலில் தங்குபவர்களின் காருக்கு இரவு நிறுத்தக் கட்டணம் வந்தது. 2023 ஜனவரியில் அதை எடுத்துவிட்டார்கள். விலை என்பது மனிதர்கள் எடுக்கும் முடிவு. அதை மாற்றவும் மனிதர்களால் முடியும்.

என்ன செய்யலாம்?

சாப்ட்வேர் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். பின்வரும் மூன்றும் ஒரு புரோகிராமருக்குப் பெரிய வேலை அல்ல. முதலாவது, மொத்தத் தொகையைக் காட்டும் திரையிலேயே அடிப்படை எவ்வளவு, தூரத்துக்கு எவ்வளவு, நெரிசலுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது. இரண்டாவது, இதற்கு மேல் போகாது என்று உச்சவரம்பு ஒன்றை அறிவிப்பது. மூன்றாவது, அதே திரையில் அடுத்த இலவச பஸ் எத்தனை நிமிடத்தில் என்று காட்டுவது. இந்தக் கணக்குகளைக் கம்ப்யூட்டர் ஏற்கெனவே போட்டுத்தான் மொத்தத்தைக் காட்டுகிறது. காட்டாமல் விடுவது தொழில்நுட்பத்தின் குறை அல்ல, கம்பெனியின் விருப்பம்.

நீங்கள் செய்ய வேண்டியதும் கொஞ்சம் உண்டு. கிளம்பும் முன் கூகுள் மேப்ஸில் ஹோட்டலிலிருந்து ஒவ்வொரு பார்க்குக்கும் உள்ள தூரத்தைப் பார்த்து ஷீட்டில் குறித்துக் கொள்ளுங்கள். ஆப்பில் வண்டியை உறுதி செய்யும் முன்பே விலை தெரியும். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் ஒரே தூரத்துக்கு விலையைப் பார்த்து, கூடவே சாதாரண வண்டியின் விலையையும் எழுதி வையுங்கள். இரண்டே நாளில் எந்த நேரத்தில் ஏறுகிறது, எவ்வளவு ஏறுகிறது என்று புரிந்துவிடும். வாணவேடிக்கை முடிந்ததும் ஓடாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி பாருங்கள். வயதானவர்களும் கைக்குழந்தையும் இருந்தால், கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் தயங்காமல் வண்டியைக் கூப்பிடுங்கள். அந்தக் காசுக்கு மதிப்பு உண்டு.

ஷீட்டை அழித்துவிட வேண்டாம். 15 என்ற இடத்தில் உங்கள் ஊர் கால் டாக்சியின் அடிப்படைக் கட்டணத்தையும், 2.75 என்ற இடத்தில் கிலோமீட்டருக்கு வாங்கும் ரூபாயையும் போடுங்கள். அடுத்த முறை உங்கள் செல்போன் திரை காட்டும் தொகை பி4-ல் வரும் தொகையை விட எவ்வளவு கூடுதல் என்று பாருங்கள். அந்தக் கூடுதல் எதற்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேளுங்கள்.