கம்ப்யூட்டர் மீது பாசம்

புதியம்புத்தூர் தையல் ஊர். தூத்துக்குடி மாவட்டம் ஓட்டப்பிடாரம் தாலுகாவில், கரிசல் காட்டின் நடுவே இருக்கிறது. "குட்டித் திருப்பூர்" என்று அதற்கு ஒரு செல்லப் பெயர். ரெடிமேட் துணி தைப்பதுதான் அங்கே முக்கியமான தொழில். தீபாவளி நெருங்கினால் ராத்திரி பகல் என்று இல்லை. தெருவில் நடந்தாலே மிஷின் ஓடும் சத்தம் காதில் விழும்.

தையல்காரருக்குத் தம்முடைய மிஷின் மீது தனிப் பாசம் உண்டு. அதை இன்னொருவர் தொட்டால் பொறுக்க மாட்டார். "தையல் மாறிப் போகும்" என்பார். ஆயுத பூஜை அன்று மிஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போடுவார். சோறு போடுகிற மிஷின் அல்லவா?

இப்போது அந்த வரிசையில் இன்னொரு பொருளும் சேர்ந்து விட்டது. அதுதான் கம்ப்யூட்டர். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில், கடைகளில், ஆபீசுகளில் கம்ப்யூட்டருக்கும் ஆயுத பூஜை அன்று பொட்டு வைக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் சிரிக்கலாம். சிரிக்க வேண்டிய காரியம் அல்ல இது. உழைப்புக்குத் துணை நிற்கும் பொருளை மதிப்பது தமிழ்நாட்டின் பழைய பழக்கம்.

ஆனால், தையல் மிஷின் மீது வைத்த பாசத்துக்கும், கம்ப்யூட்டர் மீது வைத்த பாசத்துக்கும் ஒரு வேற்றுமை இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாத வீடுகளில்தான் கண்ணீர் வருகிறது.

வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர்

கரிசல் காட்டுக் குடும்பங்கள் பலவற்றில் முதல் கம்ப்யூட்டர் கடையில் வாங்கியது அல்ல. அரசாங்கம் கொடுத்தது. 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, அண்ணா பிறந்த நாளில், முதல்-அமைச்சர் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் கிடைத்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் மொத்தம் 50 லட்சத்துக்கு மேல் கொடுக்கப்பட்டது.

லேப்டாப் என்பது மடியில் வைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர். அது பையில் வந்து இறங்கிய அன்று, வீட்டில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பார்த்திருப்பார்கள். அப்பாவுக்கு அதைத் தொடப் பயம். அம்மா அதன்மேல் துணி போட்டு மூடி வைப்பார். பெற்ற பிள்ளைக்குத்தான் அதை இயக்கத் தெரியும்.

நாள் ஆக ஆக அந்தப் பெட்டி குடும்பத்தில் ஒருவர்போல ஆகிவிடும். வேலைக்கு எழுதிய விண்ணப்பம் அதில் இருக்கும். அக்காள் கல்யாணப் படம் இருக்கும். இறந்துபோன தாத்தாவின் குரல் இருக்கும். துணி வியாபாரக் கணக்கு இருக்கும். வீட்டு நகைப்பெட்டியில் கூட இத்தனை இருக்காது.

ஒருநாள் அந்தப் பெட்டி திறக்கவில்லை என்றால்? திரை இருட்டாகவே நின்றுவிட்டால்? கை ஒடிந்ததுபோல் ஆகிவிடும். சாப்பாடு இறங்காது. "ஒரு பெட்டிக்குப் போய் இப்படி அழுகிறாயே" என்று பெரியவர்கள் கண்டிப்பார்கள். பிள்ளை அழுவது பெட்டிக்காக அல்ல. பெட்டிக்குள் இருந்த தாத்தாவுக்காக. இரண்டு வருட உழைப்புக்காக. அதைப் பெரியவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

காந்தியடிகள் சொன்ன பதில்

எந்திரத்தின் மீது பாசம் வைப்பது தப்பா? இந்தக் கேள்விக்குத் தையல் மிஷினை வைத்தே ஒரு பெரியவர் பதில் சொல்லி இருக்கிறார். அவர்தான் காந்தியடிகள்.

1924-ம் ஆண்டு டெல்லியில் ஜி.ராமச்சந்திரன் என்ற மாணவர் காந்தியடிகளைச் சந்தித்தார். (இவர்தான் பின்னர் 1947-ல், மனைவி டாக்டர் சவுந்தரத்துடன் சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்.) "எல்லா எந்திரங்களையும் நீங்கள் எதிர்க்கிறீர்களா?" என்ற கருத்தில் அவர் கேள்வி கேட்டார்.

காந்தியடிகள் இல்லை என்றார். எந்திரத்தை அல்ல, எந்திர மோகத்தைத்தான் எதிர்க்கிறேன் என்று விளக்கினார். அதற்கு அவர் காட்டிய உதாரணம் சிங்கர் தையல் மிஷின். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்த சிங்கர், அவள்மீது கொண்ட அன்பினால் அந்த மிஷினைச் செய்தார் என்றார். மனிதனே முக்கியம், அவனுடைய கைகால் மரத்துப் போகும்படி எந்திரம் செய்துவிடக் கூடாது. இதுதான் காந்தியடிகள் வகுத்த எல்லை.

கம்ப்யூட்டருக்கும் அதே எல்லைதான். அது மனிதனுக்குத் துணையாக இருக்கும்வரை அதன்மீது பாசம் வைக்கலாம். அது இல்லாவிட்டால் எழுந்து நிற்கவே முடியாது என்ற நிலை வந்தால், அது பாசம் அல்ல, மோகம்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பழைய கதை உண்டு. நடந்த கதை. 1966-ம் ஆண்டு ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர், மனிதரிடம் உரையாடுவதுபோல் பதில் கொடுக்கும் ஒரு கம்ப்யூட்டர் முறையை வெளியிட்டார். அதற்கு 'எலைசா' என்று பெயர். அது நாம் சொல்வதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அதற்கு மனமும் இல்லை, இரக்கமும் இல்லை. இது அவருடைய பெண் செயலாளருக்கும் தெரியும். அப்படி இருந்தும், அதனுடன் கொஞ்ச நேரம் பேசிய அந்தப் பெண், பேராசிரியரை அறையை விட்டு வெளியே போகும்படி கேட்டுக்கொண்டார்! அந்தரங்கம் பேச வேண்டுமாம். வைசன்பாம் திடுக்கிட்டார். பிறகு 1976-ல் இதைப் பற்றி எச்சரித்து ஒரு புத்தகமே எழுதினார்.

இன்று பதில் சொல்லும் கம்ப்யூட்டர்கள் எலைசாவைவிட ஆயிரம் மடங்கு கெட்டிக்காரத்தனமாகப் பேசுகின்றன. ஆகவே எச்சரிக்கையும் அந்த அளவுக்குக் கூடத்தான் வேண்டும்.

வெள்ளம் காட்டிய உண்மை

கம்ப்யூட்டர் இல்லாமல் இருப்பது எப்படி என்பதைத் தூத்துக்குடி மாவட்டம் ஒரே ராத்திரியில் தெரிந்துகொண்டது. 2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18-ந் தேதிகளில் பேய்மழை பெய்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒரு வருடத்தில் பெய்ய வேண்டிய மழையைவிட அது அதிகம். கோரம்பள்ளம் குளம் உடைந்தது. பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. செல்போனும் ஊமையாகி விட்டது.

திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரெயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுமார் 800 பயணிகள் தவித்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டது கம்ப்யூட்டர் அல்ல. பக்கத்துப் புதுக்குடி கிராம மக்கள். தங்கள் வீட்டிலேயே தண்ணீர் புகுந்திருந்த நேரத்தில் உலை வைத்துப் பசி ஆற்றினார்கள்.

எந்திரம் ஓய்ந்தால் மனிதர் இருக்கிறார். இதை மறக்கக் கூடாது. ஆனால், வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் நனைத்த கம்ப்யூட்டர்களில் இருந்த படங்களும் கணக்குகளும் எப்படித் திரும்பி வரும்? மனிதர் முன்கூட்டியே யோசித்திருந்தால்தான் வரும்.

தையல்காரரைப் பாருங்கள்

இங்கேதான் தையல்காரரிடம் பாடம் கற்க வேண்டும்.

தையல்காரருக்குத் தம் மிஷினின் உள்ளும் புறமும் தெரியும். எண்ணெய் விடுவார். பெல்ட் தளர்ந்தால் இழுத்துக் கட்டுவார். பாபினில் நூல் சிக்கினால் எடுப்பார். ஊசி ஒடிந்தால் மாற்றுவார். மோட்டார் மிஷின் வந்த பிறகும், காலால் மிதிக்கும் பழைய மிஷினை வீட்டு மூலையில் வைத்திருப்பவர்கள் உண்டு. மின்சாரம் போனால் அது கைகொடுக்கும். அதுவும் ஓடாவிட்டால், கையில் ஊசி நூல் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சட்டைக்கு அளவு வெட்டிய அட்டையை அவர் மிஷினுக்குள் வைப்பது இல்லை. தனியாக எடுத்து வைக்கிறார். மிஷின் போனாலும் அளவு போகாது.

கம்ப்யூட்டரிலோ, மிஷினும் அளவு அட்டையும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. பெட்டி போனால் எல்லாம் போகும். முன்பு சொன்ன வேற்றுமை இதுதான்.

பழைய லேப்டாப்புகளில் படமும் எழுத்தும் பதிவாகி இருப்பது ஒரு வட்டத் தட்டில். அது பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 முறை சுழலும். அதைப் படிக்கும் முள், தட்டைத் தொடாமல், தலைமுடியின் பருமனைவிடக் குறைந்த இடைவெளியில் மிதக்கும். ஓடும்போது பெட்டி கீழே விழுந்தால் முள் தட்டில் உரசிவிடும். பதிவு அழிந்து போகும். புதிய கம்ப்யூட்டர்களில் சுழலும் தட்டு இல்லை. ஆனால் அவையும் ஒருநாள் கெட்டுப் போகும். கெடாத எந்திரம் உலகத்தில் இல்லை.

ஓலைச்சுவடி சொல்லும் பாடம்

இதற்கு வழி என்ன? தமிழர்களுக்கு அது புதிது அல்ல. படி எடுத்து வைப்பதுதான் வழி.

பனை ஓலை சில நூறு ஆண்டுகளுக்கு மேல் தாங்காது. கரையான் அரிக்கும்; நைந்து உடையும். ஆகவே முன்னோர்கள் பழைய சுவடியைப் பார்த்துப் புதிய சுவடி எழுதினார்கள். எழுதாத நூல்கள் அழிந்தன. எழுதிய நூல்கள் பிழைத்தன. உ.வே.சாமிநாத அய்யர் ஊர் ஊராக அலைந்து சுவடிகளைத் தேடினார். ஒரு சுவடியில் ஓலை ஒடிந்திருந்தால், வேறு ஊரில் கிடைத்த சுவடியைப் பார்த்து நிரப்பினார். 1887-ல் அவர் சீவக சிந்தாமணியை அச்சிட முடிந்தது, படிகள் பல இடங்களில் இருந்ததால்தான்.

கம்ப்யூட்டருக்கும் அப்படியே செய்ய வேண்டும். முக்கியமானவற்றுக்கு இரண்டு படியாவது இருக்கட்டும். ஒன்று விரல் அளவுள்ள பென் டிரைவிலோ, தனி ஹார்டு டிஸ்கிலோ இருக்கலாம். இன்னொன்று வேறு வீட்டில், உறவினரிடம் இருக்கலாம்; அல்லது இணையத்தில் இருக்கலாம். தாத்தா படத்தைக் காகிதத்தில் அச்சிட்டுச் சுவரில் மாட்டுங்கள். மின்சாரம் போனாலும் அவர் முகம் தெரியும். கடைக் கணக்கை மாதம் ஒரு முறை காகிதத்தில் எடுத்து வையுங்கள்.

கெட்டுப் போனால் என்ன செய்வது?

கம்ப்யூட்டர் நனைந்துவிட்டால் பதறி இயக்கிப் பார்க்கக் கூடாது. முதலில் மின்சாரத் தொடர்பை நிறுத்த வேண்டும். சார்ஜ் ஏற்றக் கூடாது. அப்படியே தொழில் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். பேட்டரி உப்பி இருந்தால் உடனே பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். அது தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

பழுது பார்க்கும் கடையில் கொடுக்கும்போது, "உள்ளே இருப்பதை அழிக்க வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெட்டி செத்தாலும் உள்ளே இருக்கும் பதிவைப் பல சமயம் மீட்க முடியும். ஆகவே ஆத்திரத்தில் பழைய பொருள் வாங்குபவரிடம் எடை போட்டுவிடக் கூடாது.

பெட்டி திரும்பி வரும்வரை பிள்ளை சும்மா உட்கார வேண்டியது இல்லை. நோட்டுப் புத்தகம் இருக்கிறது; பேனா இருக்கிறது; நூலகம் இருக்கிறது. தோழி வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரம் வேலை பார்க்கலாம். முதல் இரண்டு நாள் கை பரபரக்கும். பிறகு பழகிவிடும்.

இந்தப் பழக்கத்துக்கும் தமிழ்நாட்டில் ஒரு திருநாள் இருக்கிறது. சரஸ்வதி பூஜை அன்று புத்தகத்தைப் படிப்பது இல்லை. கருவியைத் தொடுவது இல்லை. பூஜையில் வைத்துவிட்டு, விஜயதசமி அன்றுதான் எடுக்கிறார்கள். பாசம் உண்டு, ஆனால் பிரிந்தும் இருக்கத் தெரியும். வருடத்தில் ஒருநாள் செய்வதை, குடும்பங்கள் வாரத்தில் ஒரு மாலையில் செய்து பார்க்கலாம்.

அரசாங்கம் செய்ய வேண்டியது

2025-ம் ஆண்டு மார்ச் மாதம் வந்த பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கம்ப்யூட்டர் கொடுக்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. நல்ல காரியம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய வாசல்.

ஆனால், பெட்டியைக் கொடுப்பதோடு கடமை தீராது. தாலுகாவுக்கு ஒரு பழுது பார்க்கும் இடம் வேண்டும். கூலி வேலை பார்க்கும் தாயால் கொடுக்கக் கூடிய கட்டணத்தில் அது நடக்க வேண்டும். படி எடுத்து வைப்பது எப்படி என்பதைப் பெட்டி கொடுக்கும் அன்றே சொல்லிக் கொடுக்க வேண்டும். அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரம் எத்தனையோ வீட்டுக் கண்ணீரைத் தடுக்கும்.

கம்ப்யூட்டருக்குப் பொட்டு வையுங்கள். பூவும் வையுங்கள். கூடவே, அதில் உள்ளதற்கு ஒரு படியும் எடுத்து வையுங்கள்.