உராய்வைப் புறக்கணிக்கலாமா?

பௌதிகவியல் வினாத்தாள்களில் அடிக்கடி வரும் வசனம் ஒன்று உண்டு: "உராய்வைப் புறக்கணிக்க." நாங்களும் புறக்கணித்துவிட்டுக் கணக்கைச் செய்கிறோம். நெல் ஆலையில் வேலை செய்யும் என் வாப்பாவுக்கு அந்தச் சலுகை இல்லை. கிரீஸ் காய்ந்தால் பெயரிங் சூடேறும். சூடேறினால் ஆலை நிற்கும். அன்றைய சம்பளமும் நிற்கும்.

ஆகையால், ஒன்றையொன்று தொடாத பெயரிங்கைப் பற்றி வாசித்ததும் முதலில் அவரிடம்தான் சொன்னேன். சுழலும் தண்டைக் காந்த விசையால் அந்தரத்தில் நிறுத்துவதே அது. வெறும் நிலைக்காந்தங்களை வைத்து ஒரு பொருளை அப்படி அசையாமல் நிறுத்த முடியாதென ஏர்ன்ஷோ 1842 இலேயே நிறுவிவிட்டார். எந்தப் பக்கமாவது சறுக்கிவிடும். மீகடத்தி வேறு விதம். போதியளவு குளிர்ந்ததும் அது காந்தப் புலக்கோடுகளைத் தனக்குள் இறுகப் பிடித்துக்கொள்கிறது. மேலே இருக்கும் காந்தம் பக்கவாட்டில் நகர்ந்தால் புலம் மாறும். மீகடத்தி அதை எதிர்த்துப் பழைய இடத்துக்கே இழுக்கும். வட்டமான காந்தம் தன் அச்சிலேயே சுழன்றாலோ புலம் மாறுவதில்லை, ஆகவே எதிர்ப்பும் இல்லை. (இது எனக்கு விளங்க இரண்டு இரவுகள் ஆயின.)

வாப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "குளிராக்குற செலவு ஆர்ர கணக்குல, மகள்?"

காந்தம் மிதக்கும் காணொளிகள் சொல்லாமல் விடுவது அதைத்தான். 1911 இல் கமர்லிங் ஒன்னஸ் இரசத்தில் மீகடத்தலைக் கண்டபோது 4.2 கெல்வின் வரை குளிராக்க வேண்டியிருந்தது. 1986 இல் பெட்னோர்ஸும் முல்லரும் செறமிக் மீகடத்திகளுக்கு வழி திறந்தார்கள். மறுவருடமே, 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைதரசனே போதுமான பொருளும் கிடைத்தது. செலவு குறைந்தது, ஒழியவில்லை.

ஆகவே நெல் ஆலைக்கு இது வேண்டாம். கிரீஸ் மலிவு. ஆனால் பறப்புச் சில்லின் கதை வேறு. மேலதிக மின்னைச் சுழற்சியாகச் சேமிக்கும் அந்தச் சில்லில் உராய்வு தின்பது சேமிப்பையே. ஜப்பானின் யாமனாசியில் 2015 இல் சூரிய மின் நிலையத்தோடு இணைத்துப் பரிசோதித்த சில்லின் எடை 4 தொன். அவ்வளவும் எதையும் தொடாமல், வெற்றிடத்துக்குள் சுழன்றது! அப்படியான இடத்தில் குளிராக்கச் செலவிடுவது வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

எங்கள் வினாத்தாளும் ஒருமுறையாவது, "உராய்வை நீக்க எவ்வளவு வலு செலவாகும்?" என்று கேட்கட்டும்.

வாப்பாவின் அடுத்த கேள்வி: "கரண்ட் போனா அந்தச் சில்லு உழுந்திராதா?" இத்தகைய இயந்திரங்களில் விழுந்தால் தாங்குவதற்கென்று சாதாரண பெயரிங்கும் வைப்பார்கள் என்றேன். அவருக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது.