குதிரைக்குக் கொம்பு ஏன் இல்லை?

"குதிரையின் குணம் அறிந்துதான் ஆண்டவன் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை" என்பது நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பழமொழி. "கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும்" என்று இன்னொன்றும் உண்டு. பாவம், குதிரை! உண்மையில் அது பயந்த சுபாவமுள்ள பிராணி. அது உதைப்பதுகூடப் பெரும்பாலும் பயத்தினால்தான். கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால், நேர் பின்னால் நிற்பவரை அதனால் பார்க்க முடியாது. அங்கே ஏதாவது அசைந்தால் காலை வீசிவிடுகிறது. ஆகையால் குழந்தைகளுக்கு முதலில் சொல்லவேண்டியது இதுதான்: குதிரைக்குப் பின்னால் போகாதே, பேச்சுக் கொடுத்துக்கொண்டே தோள் பக்கமாகப் போ.

குதிரைகளில் ஜாதிகள் அநேகம். குழிந்த முகமும் தூக்கிப் பிடித்த வாலுமாக இருப்பது அரேபியக் குதிரை. பந்தயத்தில் ஓடும் 'தரோபிரெட்' குதிரைகளின் தந்தை வழியைத் தேடிக்கொண்டு போனால், சுமார் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட மூன்றே மூன்று ஆண் குதிரைகளில் போய் நிற்கும். நம் நாட்டு மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளுக்குக் காதுதான் அடையாளம். இரு காதுகளும் உள்பக்கம் வளைந்து, நுனியோடு நுனி முட்டிக்கொள்ளும். மணிப்பூர் மட்டக்குதிரை உருவத்தில் சிறியது, பெருமையில் பெரியது. அதன்மேல் ஏறி மணிப்பூரார் ஆடிய பந்தாட்டத்தைக் கற்றுக்கொண்ட ஆங்கிலேயர்கள், 1859-ல் சில்சாரில் போலோ சங்கம் தொடங்கினார்கள். பிறகு உலகமெல்லாம் ஆடுகிறது!

நம் தமிழ்நாட்டுக்கும் குதிரைக்கும் பழைய உறவு உண்டு. ஆனால் அது கொஞ்சம் சோகமான உறவு. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைக் கடல் கடந்து வரவழைத்ததையும், வருஷ முடிவில் அவற்றில் மிகச் சிலவே மிஞ்சியதையும் எழுதியிருக்கிறார். காரணமும் சொல்கிறார். குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. சோற்றையும் இறைச்சியையும் சமைத்துப் போட்டார்களாம்!

அன்பாக ஊட்டினால் போதாது, அதற்கு ஏற்றதை ஊட்டவேண்டும் என்பது பிள்ளை வளர்த்த உங்களுக்குத் தெரியாததா? அவ்வளவு பெரிய உடம்புக்குக் குதிரையின் இரைப்பை மிகவும் சிறியது. நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேயப் பிறந்தது அது. ஒரேயடியாகத் தானியத்தைத் தின்றுவிட்டால், வாந்தி எடுத்துத் தப்பிக்கவும் அதனால் முடியாது. வயிற்றுவலியில் துடித்து உயிரையே விட்டுவிடும். தினம் 25 முதல் 40 லிட்டர் வரை தண்ணீர் வேண்டும். குளம்பு நம் நகத்தைப் போல வளர்வதால், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை சீவி, லாடத்தை மாற்றவேண்டும். உணர்ச்சியில்லாத பகுதியில் ஆணி அடிப்பதால், சரியாகச் செய்தால் வலிக்காது.

குதிரையேற்றம் ஆண்கள் விஷயம் என்று நினைக்கிறீர்களா? டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல் என்ற பெண்மணியை 1944-ல், கர்ப்பிணியாக இருந்தபோது, இளம்பிள்ளை வாதம் தாக்கியது. குழந்தை நலமாகப் பிறந்தது. ஆனால் தாய்க்கு முழங்காலுக்குக் கீழே செயலில்லை. பிறர் தூக்கி ஏற்றிவிட்டால்தான் குதிரைமேல் உட்காரலாம். ஏறி உட்கார்ந்த பிறகு அவருக்கு நிகர் சிலரே! 1952-ல் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில், குதிரையைச் சைகையாலேயே அழகாக நடத்திக் காட்டும் 'டிரஸ்ஸாஜ்' போட்டியில் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆண்களோடு போட்டியிட்டு அவர் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். 1956-லும் வெள்ளிதான். அதே டிரஸ்ஸாஜில், 2023-ல் சீனாவின் ஹாங்ஜோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் நம் இந்தியக் குழு தங்கம் வென்றது. குழுவில் இருந்த நால்வரில் சுதீப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங் என்ற இருவர் பெண்கள்.

நாம் பதக்கம் வாங்க வேண்டாம். கடற்கரையில் குழந்தையைக் குதிரைமேல் ஏற்றுவதற்கு முன் ஒரு நிமிஷம் நின்று பார்த்தால் போதும். விலா எலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறதா? சேணத்தின் ஓரத்தில் புண் இருக்கிறதா? காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறதா? பக்கத்தில் தண்ணீர் வாளியே காணோமா? இவற்றில் ஒன்று இருந்தாலும் ஏற்றாதீர்கள். குதிரைக்காரரிடம் கோபிக்கவும் வேண்டாம். அவருக்கும் அதுதான் பிழைப்பு. "புண் ஆறட்டும், அப்புறம் வருகிறோம்" என்று சொல்லுங்கள். நாலு பேர் சொன்னால் அவரே மருந்து போடுவார். குழந்தை அழத்தான் செய்யும். காரணத்தைச் சொல்லிப் பாருங்கள். குழந்தைகள் இந்த நியாயத்தை நம்மைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள்.

குதிரை நன்றாக இருந்தால், குதிரைக்காரரைக் கேட்டுக்கொண்டு ஒரு கேரட் துண்டு கொடுங்கள். உள்ளங்கையை நன்றாக விரித்து நீட்டவேண்டும். விரலை மடக்கினால், அதுவும் கேரட்தான் என்று நினைத்துவிடும்!