பீட்டில்ஸை உடைத்தது யோகோவா, கணக்குப் புத்தகமா?

பீட்டில்ஸ் ஏன் பிரிந்தார்கள்? அவர்களுடைய பாட்டு ஒன்றைக்கூட முழுசாகக் கேட்டிராதவர்கூட டக்கென்று பதில் சொல்லுவார். "அந்த ஜப்பான்காரிதான் காரணம்!"

ஜான் லெனானின் மனைவி யோகோ ஓனோ தலையில் ஐம்பது வருடத்துக்கும் மேலாகச் சுமத்தப்பட்டு வரும் பழி இது. கூட்டுக் குடும்பம் உடைந்தால் புதிதாக வந்த மருமகளைக் கைகாட்டுவார்களே, அதே புத்திதான். சொத்துக் கணக்கு எப்படி இருந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கொஞ்சம் கேட்டுப் பார்க்கலாமா?

1962-ல் இ.எம்.ஐ. கம்பெனியோடு போட்ட முதல் ஒப்பந்தத்தில், ஒரு இசைத்தட்டு விற்றால் கிடைத்தது ஒரு பென்னி. ஆளுக்கு அல்ல, நாலு பேருக்கும் சேர்த்து! அடுத்தது விக், பொம்மை, சட்டை என்று அவர்கள் பெயரில் விற்ற சாமான்கள். 1964-ல் அமெரிக்காவே பித்துப்பிடித்து இதையெல்லாம் வாங்கிக் குவித்தது. ஆனால் வந்த உரிமத் தொகையில் 90 சதவீதம் வெளியாருக்கு, 10 சதவீதம்தான் இவர்கள் பக்கம் என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாயிற்று. பிறகுதான் மறுபேச்சு நடத்திப் பங்கை உயர்த்தினார்கள். மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன் நல்ல மனிதர். லிவர்பூலில் இசைத்தட்டுக் கடை நடத்தியவர். நல்லவராக இருப்பது வேறு, ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிவது வேறு.

1967 ஆகஸ்டில் அவரும் இறந்துபோனார். அதன்பின் கல்லாவைப் பார்க்க ஆளில்லை. டிசம்பரில் லண்டன் பேக்கர் தெருவில் ஆப்பிள் என்று துணிக்கடை திறந்தார்கள். அடுத்த ஜூலையில் மூடினார்கள். மிச்சச் சரக்கை வந்தவர் போனவருக்கெல்லாம் சும்மா அள்ளிக் கொடுத்தார்கள்!

இதெல்லாம் சில்லறை. பெரிய அடி பாட்டிலேயே விழுந்தது. லெனானும் பால் மெக்கார்ட்னியும் எழுதிய பாடல்களின் உரிமை 'நார்தர்ன் ஸாங்ஸ்' என்ற கம்பெனியிடம் இருந்தது. 1963-ல் அதைத் தொடங்கியபோது இருவருக்கும் ஆளுக்கு 20 சதவீதம்தான். பாதிப் பங்கு பதிப்பாளர் டிக் ஜேம்ஸ் தரப்பிடம். 1965-ல் அது பங்குச் சந்தைக்கும் போனது. 1969 மார்ச்சில் லெனானுக்கும் மெக்கார்ட்னிக்கும் கல்யாணம் நடந்த அதே மாதத்தில், அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஜேம்ஸ் தன் பங்கை ஏ.டி.வி. நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். இருவரும் போராடித் தோற்றார்கள். சொந்தப் பாட்டைத் தாங்களே எழுதிப் பாடும் வழக்கத்தை உலகம் முழுக்க ராக் குழுக்களிடம் பரப்பியவர்களுக்கு, அந்தப் பாட்டே சொந்தமில்லை!

அதே வருடம் நியூயார்க்கிலிருந்து ஆலன் க்ளைன் வந்தார். லெனான், ஹாரிசன், ரிங்கோ மூவரும் அவரை மேனேஜர் ஆக்கினார்கள். மெக்கார்ட்னி கையெழுத்துப் போட மறுத்தார். ஆனால் நால்வரும் சட்டப்படி பார்ட்னர்கள். மூவர் முடிவு நாலாமவரையும் கட்டும். வெளியேற அவருக்கிருந்த ஒரே வழி கோர்ட். 1970 டிசம்பர் 31 அன்று பார்ட்னர்ஷிப்பைக் கலைக்கக் கோரி வழக்குப் போட்டார். 1971 மார்ச்சில் கோர்ட் ரிசீவரை நியமித்தது. 1973-ல் க்ளைனைக் கைகழுவிய மற்ற மூவருமே அவர்மேல் வழக்குப் போட்டார்கள். பிறகு வரிக் கணக்கில் பொய் சொன்னதற்காக அவர் அமெரிக்காவில் சிறைக்கும் போனார்.

யோகோ ஸ்டூடியோவில் லெனான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது மற்றவர்களுக்கு உறுத்தியது உண்மைதான். க்ளைனை லெனான் தேர்ந்தெடுத்தபோது யோகோவும் உடனிருந்தார். சரி, ஹாரிசனும் ரிங்கோவும் கையெழுத்துப் போட்டதற்கும் அவரா காரணம்? டிக் ஜேம்ஸ் பங்கை விற்றதற்கு? ஒரு பென்னி ஒப்பந்தத்துக்கு? அப்போது லெனானுக்கு யோகோ யாரென்றே தெரியாதே! 2021-ல் பீட்டர் ஜாக்சன் வெளியிட்ட 'கெட் பேக்' ஆவணப்படத்தில், 1969 ஜனவரியில் எடுத்த காட்சிகளைப் பார்க்கலாம். அவர் பாட்டுக்கு பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். குழுவை உடைத்தது யோகோ அல்ல என்று மெக்கார்ட்னியே 2012-ல் ஒரு பேட்டியில் சொல்லிவிட்டார்.

களைப்பு இருந்தது, தன் பாடல்களுக்கு இடமில்லை என்ற ஹாரிசனின் மனத்தாங்கல் இருந்தது. எல்லாம் உண்மை. ஆனால் மனத்தாங்கலோடும் குழுக்கள் காலம் தள்ளும். நண்பர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தது கணக்கு.

ஏ.டி.வி. இசைப் பதிப்பு நிறுவனத்தை 1985-ல் மைக்கேல் ஜாக்சன் 4.75 கோடி டாலருக்கு வாங்கினார். அது பின்னர் சோனியோடு இணைந்தது. கூட்டு நிறுவனத்தில் ஜாக்சன் தரப்புக்கு இருந்த பாதிப் பங்குக்கு 2016-ல் சோனி தர ஒப்புக்கொண்ட விலை 75 கோடி டாலர். இத்தனை கை மாறியதில் யோகோவின் கை எங்கே இருக்கிறது?

கண்ணுக்குத் தெரிந்த ஒரு பெண்ணைத் திட்டுவது சுலபம். ஒப்பந்தத்தில் பொடி எழுத்தைப் படிப்பதுதான் கஷ்டம். அன்று அவர்கள் படிக்கவில்லை. இன்றைக்கு ரசிகர்களாவது படிக்கலாம்.